செப்டம்பர் பணத்தில் நவம்பர் வேலை: செல்லுமா?

கேள்வி: அமெரிக்க ஃபெடரல் அலுவலகம் ஒன்றின் ஓராண்டு நிதி, செப்டம்பர் 30-ல் காலாவதி. 12 மாதத் துப்புரவு ஒப்பந்தத்துக்கு செப்டம்பர் 20-ல் கையெழுத்து, வேலை நவம்பர் 1 முதல். இந்த ஆண்டுப் பணத்தைப் போடலாமா? 40 லேப்டாப்பும் வாங்க வேண்டும், டெலிவரி டிசம்பரில்.

பதில் 1: துப்புரவுக்கு முடியாதுங்க. மாதாமாதம் பயன் தரும், பிரிக்கக்கூடிய சேவை அது. ஓராண்டு நிதியில் நிதியாண்டைத் தாண்டி 12 மாதம் வரை ஓட்ட சட்டம் இடம் தருகிறது. ஆனால் வேலை இந்த நிதியாண்டிலேயே தொடங்கணும். செப்டம்பர் 30-ல் தொடங்கினாலும் செல்லும், அக்டோபர் 1 என்றால் புது ஆண்டுப் பணம்தான். தேதியை மாற்ற முடியாவிட்டால், ஃபெடரல் கொள்முதல் விதிகளில் (FAR) உள்ள 52.232-18 ஷரத்தை, அதாவது ‘நிதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் அரசைக் கட்டுப்படுத்தும்’ என்பதை, சேர்த்துக் கையெழுத்திடுங்கள். நிதி வந்ததாக ஒப்பந்த அதிகாரி எழுத்தில் உறுதி செய்யும்வரை பணம் கொடுக்கும் பொறுப்பு அரசுக்கு இல்லை.

பதில் 2: லேப்டாப்பில் பார்க்க வேண்டியது தேவை எப்போது எழுந்தது என்பதை. பழையவை இப்போதே பழுது, தயாரித்து அனுப்பத்தான் டிசம்பர் ஆகும் என்றால் சரி. ஜனவரியில் சேரும் ஊழியர்களுக்காக டெலிவரியைத் தள்ளி வைத்தால் அது அடுத்த ஆண்டுத் தேவை. விற்பனையாளர் தரும் டெலிவரி அவகாசக் கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். தணிக்கையில் கேட்டால் காட்ட உதவும்.

பதில் 3: செலவைத் தவறான ஆண்டு நிதியில் போட்டுவிட்டால் சரியான ஆண்டுக் கணக்குக்கு மாற்றணும். அங்கே பணம் இல்லையென்றால் அது ஆன்டிடெஃபிஷியன்சி சட்ட (ஒதுக்கிய நிதிக்கு மேல் பொறுப்பேற்பதைத் தடுக்கும் சட்டம்) மீறல், அமெரிக்க அதிபருக்கும் காங்கிரசுக்கும் (அந்நாட்டு நாடாளுமன்றம்) அறிக்கை போகும்.