கரொல்லா 121: இன்டேக் மெனிஃபோல்டை வீட்டிலேயே மாற்றலாமா?

வெள்ளவத்தை121:
என் கார் டொயோட்டா கரொல்லா, ஜப்பான் உள்நாட்டு மாதிரி 121, இன்ஜின் 1என்இசட்-எஃப்இ, பிளாஸ்டிக் இன்டேக் மெனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி). காலையில் ஸ்டார்ட் பண்ணினவுடன் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 500க்கும் 1100 ஆர்பிஎம்முக்கும் இடையில் ஏறி இறங்குது. சூடானால் குறையுது, ஆனால் காலி வீதி சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது சில நேரம் நின்றே போகுது. ஸ்கேனரில் வரும் கோட் பி0171 (காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை). லோங் டேர்ம் ஃபியூல் ட்ரிம் (கணினி கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் பெற்றோலின் சதவீதம்) ஐடிலில் +19, 2500 ஆர்பிஎம்மில் +4. மெனிஃபோல்ட் வெடித்துவிட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ்காரர். அடுக்குமாடி பார்க்கிங்கில் நானே செய்யலாமா? என்ன சாமான் வேண்டும்?

ஸ்பனர்12:
ட்ரிம் எண்களைப் போட்டது நல்லது, பாதி விடை அதிலேயே இருக்கு. உள்ளே வரும் காற்றை அளப்பது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர். அதைத் தாண்டிய இடத்தில் லீக்கால் உள்ளே போகும் காற்று கணக்கில் வராது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம். அதில் இந்தக் கள்ளக்காற்று பெரிய பங்கு. 2500இல் அது ஒன்றுமேயில்லை. அதனால்தான் 19, 4 ஆக இறங்குது. சென்சர் அழுக்கு, பெற்றோல் பம்ப் பலவீனம் என்றால் ரேஸ் பண்ணும்போதும் ட்ரிம் ஏறியே நிற்கும்.

ஆனால் லீக் இருக்கு என்றால் மெனிஃபோல்ட்தான் என்று அர்த்தமில்லை. முதலில் பிசிவி ஹோஸைக் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மெனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்) கழற்றி வளைவின் உள்பக்கத்தை விரலால் மடக்கிப் பாருங்கோ, வெளியில் தெரியாத வெடிப்பு அங்கேதான் வாய் திறக்கும். பிறகு பிரேக் பூஸ்டர் ஹோஸ். இரண்டும் நல்லதென்றால் காலையில், இன்ஜின் குளிராக இருக்கும்போது, மெனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டில் (இன்ஜினின் மேற்பகுதி) சேரும் விளிம்பில் ஸ்ப்ரே போத்தலால் தண்ணீரைப் பனி போல ஒவ்வொரு போர்ட்டாக (ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போகும் வாய்) அடியுங்கோ. எந்த இடத்தில் ஐடில் அல்லது சீறல் சத்தம் மாறுதோ அங்கேதான் லீக். கார்ப் கிளீனர் வேண்டாம், சூடான எக்ஸோஸ்டில் பட்டால் பற்றும். சூடானதும் அடங்குது என்றால் பெரும்பாலும் மெனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் இறுகிப்போன றப்பர் சீல்தான். சீல் ஒன்றின் விலைக்கும் மெனிஃபோல்ட் விலைக்கும் இருக்கும் தூரம் தெரியும்தானே.

தெஹிவளை_கராஜ்:
ஸ்பனர்12 சொன்னது சரி. கழற்றத்தான் வேண்டும் என்றால், 10, 12 நம்பர் சொக்கட், 250 மிமீ எக்ஸ்டென்ஷன், 10 முதல் 50 நியூட்டன் மீற்றர் வரை அளக்கும் சிறிய டோர்க் ரென்ச், புது மெனிஃபோல்ட் சீல், த்ரொட்டில் பொடிக்கு (உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) புது கேஸ்கட் வேண்டும். சில்லு நட் இறுக்கும் பெரிய ரென்ச் இந்த வேலைக்கு ஆகாது, குறைந்த இறுக்கத்தில் அதன் அளவை நம்பவே முடியாது. கடற்கரைப் பக்கம் ஓடும் கார் என்பதால் முதல் நாள் இரவே நட்களுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

இன்ஜின் முழுக்க ஆற வேண்டும். பற்றரி மைனஸைக் கழற்றி, எயார் கிளீனர் டக்ட், பிறகு த்ரொட்டில் பொடி. அதற்குப் போகும் இரண்டு சிறிய ஹோஸில் கூலன்ட் இருக்கும். கழற்றியதும் நுனியை அடைத்து மேலே தூக்கிக் கட்டுங்கள். ஒவ்வொரு வேக்கம் ஹோஸிலும் டேப் ஒட்டி இலக்கம் எழுதாமல் எதையும் பிடுங்க வேண்டாம். இன்ஜெக்டர் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் குழாய்) ஹெட்டிலேயே நின்றால் தொடாதீர்கள். இடைஞ்சல் என்றால் பற்றரி கழற்றுவதற்கு முன்பே பெற்றோல் பம்ப் ரிலேயை எடுத்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். மூன்று பாருக்கு மேல் நிற்கும் பெற்றோல் அது. மெனிஃபோல்டைப் பிடிப்பது 3 போல்ட், 2 நட். ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி) நட்டோடு சுழன்று வந்தால் பதறாமல் இரண்டு நட்டை எதிரெதிராக இறுக்கி, அதைப் பிடித்துத் திரும்ப ஏற்றலாம்.

ஹெட் போர்ட்களில் துணியைத் திணித்து, எத்தனை துண்டு என்று எழுதி வையுங்கள். அலுமினிய முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் துடையுங்கள். கிரைண்டரில் மாட்டும் உராய்வு வட்டு கூடவே கூடாது: அதிலிருந்து உதிரும் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

இனிச் சொல்வதைத் தயவு செய்து கேளுங்கள். சீலுக்கு கேஸ்கட் கம் பூச வேண்டாம். பள்ளத்தில் உலர்ந்தபடி உட்காரவே அது வார்க்கப்பட்டிருக்கு. கம் பெற்றோல் ஆவியில் ஊறி உரிந்து, உள்ளே இழுபடும்.

வெள்ளவத்தை121:
தண்ணீர் அடித்துப் பார்த்தேன், நாலாம் போர்ட்டில் சத்தம் மாறுது. கழற்றும்போது மெனிஃபோல்டிலும் வெடிப்பு இருந்தால் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் பாவித்தது வாங்கலாமா? எவ்வளவு இறுக்க வேண்டும்?

ஸ்பனர்12:
வாங்கலாம், ஆனால் கையில் எடுத்துப் பார்த்துத்தான். ஒவ்வொரு போல்ட் துளையிலும் உலோகக் குழாய் இருக்க வேண்டும். அது கழன்ற மெனிஃபோல்ட் எவ்வளவு இறுக்கினாலும் பிளாஸ்டிக்கை நசுக்கும், பிடிக்காது. ஸ்டீல் அடிமட்டத்தைச் சேரும் முகத்தில் குறுக்கே வைத்து, இடைவெளி அளக்கும் 0.2 மிமீ ஃபீலர் தகடு அடியில் நுழைந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கோ. பழைய சீலோடு விற்றாலும் புது சீல்தான் போட வேண்டும்.

பூட்டும்போது ஐந்தையும் முதலில் கையால் முட்ட விடுங்கோ. நடுவில் தொடங்கி வெளியே போய், முதல் சுற்று 15, இரண்டாம் சுற்று 30 நியூட்டன் மீற்றர். ஏற்றுவதற்கு முன் சீலின் உதட்டை விரலால் சுற்றி வருடிப் பாருங்கோ. ஒரு இடம் பள்ளத்தை விட்டு எழும்பியிருந்தாலும் இறுக்கும்போது மடிந்து, புது சீலோடு அதே சீறல் வரும்.

தெஹிவளை_கராஜ்:
துணித் துண்டுகளை எண்ணி எடுத்த பிறகுதான் மெனிஃபோல்டை ஏற்றுங்கள். கூலன்ட்டை நிரப்பி, ஏசி, லைட் எல்லாம் ஓஃபில் 10 நிமிடம் ஐடிலில் விடுங்கள். பற்றரி கழற்றியதால் ஐடிலைத் திரும்பப் படிக்கும், ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினால் பரவாயில்லை. ஸ்கேனரில் பி0171 பதிவை அழித்து 50 கிமீ அளவு ஓடியபின் ட்ரிம்மைப் பாருங்கள். ஐடிலிலும் 2500இலும் ±5க்குள் நின்றால் வேலை முடிந்தது. ஐடிலில் மட்டும் இன்னும் +10க்கு மேல் என்றால் மெனிஃபோல்டை விட்டு, த்ரொட்டில் பொடி கேஸ்கட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.