மறுமொழி: 'கிளாக் ஸ்பிரிங்' என்பதற்குச் 'சுருள்நாடா' சரியாக வருமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

காரின் சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதிவருகிறேன். இப்போது எழுதுவது ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தான்களையும், இரவில் அவற்றுக்குப் பின்னால் எரியும் குட்டி பல்புகளையும் மாற்றும் பகுதி. பொத்தான், பின்னொளி, காற்றுப்பை எல்லாம் எழுதினால் எல்லாருக்கும் புரிகிறது. ஒரே ஒரு உறுப்பில் வந்து நின்றுவிட்டேன். மெக்கானிக்குகள் 'கிளாக் ஸ்பிரிங்' என்று சொல்லும் உறுப்பு அது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால், தண்டைச் சுற்றி ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதற்குள் மெல்லிய பட்டை வயர் ஒன்று சுருண்டு கிடக்கும். பழைய கேசட்டுக்குள் நாடா கிடக்குமே, கிட்டத்தட்ட அப்படி. அதில் செம்புத் தடங்கள் வரிசையாக ஓடும். டப்பாவின் ஒரு பாதி வண்டியோடு நிற்கும், மறு பாதி சக்கரத்தோடு திரும்பும். ஒரு பக்கம் திருப்பினால் நாடா இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். ஹாரன், பாட்டுப் பொத்தான்கள், காற்றுப்பை எல்லாவற்றுக்கும் மின்சாரம் இந்த நாடா வழியாகத்தான் சக்கரத்துக்குள் போகிறது.

இந்தப் பெயர் எனக்கு ஏன் முக்கியம் என்பதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. முதன்முறை என் காரில் பல்பு மாற்றியபோது, பொத்தான்களின் பின்பக்க ஸ்க்ரூ எட்டவில்லை என்று சக்கரத்தையே கழற்றினேன். அந்த டப்பாவின் நடுப்பகுதி கையில் லேசாகச் சுழன்றது. 'ஸ்பிரிங்' என்று கேள்விப்பட்டிருந்ததால், விட்டால் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று நம்பினேன். ஸ்பிரிங் என்றால் அதுதானே வேலை? எத்தனை சுற்று சுற்றினேன் என்று எண்ணவில்லை, அப்படியே மாட்டிவிட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. மறுநாள் ஒரு குறுகிய சந்தில் வண்டியை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ஹாரன் போயிற்று, பொத்தான்கள் செத்தன, காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்தது.

அது ஸ்பிரிங்கே இல்லை. விசையைத் தேக்கி வைக்காது, திரும்பி வராது. கடிகாரத்தின் உள்ளே இருக்கும் சுருளைப் போலத் தோன்றுவதால் வந்த பெயர், அவ்வளவுதான். 'கடிகாரச் சுருள்வில்' என்று நேராக மொழிபெயர்த்தால், ஆங்கிலப் பெயரில் இருக்கும் அந்தத் தவறான நம்பிக்கையையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவோம். தயாரிப்பாளர்களே ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. டொயோட்டா இதை ஸ்பைரல் கேபிள் என்கிறது, ஹோண்டா கேபிள் ரீல் என்கிறது, சுபாரு ரோல் கனெக்டர் என்கிறது. நமக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு?

என் முன்மொழிவு: சுருள்நாடா. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து

———

தம்பிக்கு வாழ்த்துகள்.

> என் முன்மொழிவு: சுருள்நாடா.

முயற்சி நல்லது. எனக்கு இரண்டு ஐயங்கள். ஒன்று, நாடா என்றால் பாவாடை நாடா, ஒலிநாடா என்றுதான் மனம் போகும். மின்சாரம் கடத்தும் பொருள் என்று யாருக்கும் தோன்றாது. இரண்டாவது, ஒரு கருவிக்கு அது செய்யும் தொழிலை வைத்துப் பெயர் வைப்பது சிறப்பு. சுழலும் பகுதியையும் நிற்கும் பகுதியையும் இணைப்பதால் 'சுழல் இணைப்பி' எனலாமே? பள்ளிப் பாடத்தில் மின்னியற்றியில் (ஜெனரேட்டரில்) வரும் 'நழுவு வளையம்' ஏற்கெனவே இருக்கிறது. அதையே இங்கும் ஆளலாமா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. புணர்ச்சிப்படி அது 'சுருணாடா' என்றல்லவா வரும்?

தஞ்சையிலிருந்து

———

எல்லோருக்கும் வணக்கம். இடையில் வருவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் பக்கம் ஸ்டியரிங்குக்குச் சுக்கான் என்ற சொல் இருக்கிறது. கப்பலின் சுக்கான்தான், அரபு வழியாகத் தமிழுக்கு வந்த சொல். பாடப்புத்தகங்களில் சுவிட்சுக்கு ஆளி, பல்புக்கு மின்குமிழ், ரெசிஸ்டருக்குத் தடையி, எல்இடிக்கு ஒளிகாலும் இருவாயி என்று படித்து வளர்ந்தோம். அந்த வரிசையில் சின்னதாகச் 'சுருளி' என்று வைத்தால் என்ன? கராஜில் நிற்கிற பெடியனுக்கும் வாயில் வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

———

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> அதையே இங்கும் ஆளலாமா என்றும் பாருங்கள்.

இதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன், ஐயா. நழுவு வளையம் முடிவில்லாமல் சுற்றும். வளையத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும், எத்தனை சுற்று போனாலும் அதற்குக் கவலையில்லை. பழைய கார்களில் ஹாரனுக்கு அப்படித்தான் இருந்தது. ஸ்டியரிங்கின் அடியில் ஒரு பித்தளை வளையமும் அதைத் தொட்டுக்கொண்டு ஒரு முனையும். அழுக்குப் படிந்தால் ஹாரன் விட்டுவிட்டு அடிக்கும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காற்றுப்பை வந்த பிறகு அது போதவில்லை. மோதிய சில பத்து மில்லி விநாடிகளுக்குள் பை விரிந்தாக வேண்டும். அந்த நொடியில் தொடுமுனை ஒரு கணம் விலகியிருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் எங்கும் விட்டுப்போகாத ஒரே வயரை, அறுபடாமல், சுருட்டி வைத்தார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, எல்லை உண்டு என்பது. ஸ்டியரிங் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மூன்று, நான்கு சுற்று திரும்பும். நாடாவின் நீளம் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். 'சுழல்' என்று பெயரில் வந்தாலே, சுழற்றிக்கொண்டே இருக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடும். நான் ஏமாந்த இடமும் அதுதான். ஆகவே சுழல் இணைப்பி வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாடா என்றால் மின்சாரம் நினைவுக்கு வராது என்பது சரிதான். ஆனால் டப்பாவைத் திறந்தவர் கண்ணில் படுவது நாடாதான். தொழிலைப் பெயரில் சொல்வதைவிட, 'இது மெல்லியது, இழுத்தால் அறும்' என்று பெயர் சொல்வதே இங்கே அதிகம் உதவும். ஒலிநாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றியவர்களுக்கு அது எவ்வளவு சுற்றினால் இறுகும் என்று விரலுக்கே தெரியும்.

நாடாச்சுருள் என்று மாற்றிப் போடலாமா என்றும் யோசித்தேன். அது கடையில் விற்கும் நாடா உருளை போல, சும்மா இருக்கும் ஒரு பொருளாகிவிடுகிறது. சுருள்நாடா வினைத்தொகை. சுருண்ட நாடா, சுருள்கின்ற நாடா, சுருளும் நாடா. ஊறுகாய், சுடுசோறு போல முக்காலமும் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு முறை வண்டியைத் திருப்பும்போதும் அந்த நாடா அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்தச் சொல்லின் மேல் பற்று வந்துவிட்டது.

அக்கா, சுருளி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே சுருளி என்றால் தேனி மாவட்டத்து அருவிதான் முதலில் வரும். அதோடு, மின்னியலில் வேறு பல கம்பிச்சுருள்கள் இருக்கின்றன, எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் போகும். மின்குமிழை மட்டும் நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். சுக்கான் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் தமிழ்நாட்டில் அது இன்னும் படகில்தான் இருக்கிறது, காருக்கு ஏறவில்லை. கையேட்டில் 'ஸ்டியரிங்' என்றே எழுதி, முதல் பக்கத்தில் சுக்கானையும் குறிப்பிட்டுவிடுகிறேன். ஒளிகாலும் இருவாயி, ஒளி உமிழ் டையோடு இரண்டும் இருக்கட்டும், ஆனால் கடையில் போய்க் கேட்க எல்இடி போதும்.

அப்புறம், வேறொரு சின்னச் சொல்லுக்கும் உதவி வேண்டும். ஸ்டியரிங்கில் ஆறு பொத்தான் இருந்தாலும் பல கார்களில் ஆறுக்கும் சேர்த்து ஒரே வயர்தான் போகும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு அளவு மின்தடை வைத்திருப்பார்கள். எந்தத் தடை என்று பார்த்து, எந்தப் பொத்தான் அமுக்கப்பட்டது என்று ஸ்டீரியோ கண்டுகொள்ளும். ரப்பருக்கு அடியில், டிவி ரிமோட்டில் இருப்பது போலவே ஒரு கருப்புக் கார்பன் பொட்டு இருக்கும். அது தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ தடை கூடிவிடும். ஒலியைக் கூட்ட அமுக்கினால் அடுத்த பாட்டுக்குத் தாவும். புதுப் பொத்தான் வாங்குவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். இந்த அமைப்பைத் 'தடைப்படி' என்று எழுதியிருக்கிறேன். படிப்படியாக ஏறும் தடை என்ற பொருளில். 'தடையின்படி' என்று யாராவது படித்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

கோவையிலிருந்து

———

தம்பி,

நழுவு வளையத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போதுதான் விளங்கிற்று. என் 'சுழல் இணைப்பி'யைத் திரும்பப் பெறுகிறேன். அருள்நெறி என்று பிரித்தே எழுதிப் பழகிவிட்டோம், ஆகவே சுருள்நாடாவும் அப்படியே நிற்கலாம். சுருணாடா என்று எழுதினால் இலக்கணம் மகிழும், படிப்பவர் விழிப்பார்.

தடைப்படி வேண்டாம். 'படித்தடை' என்று திருப்பிப் போடுங்கள். மயக்கம் தீரும்.

தஞ்சையிலிருந்து

———

படித்தடை! நன்றி ஐயா, கையேட்டில் மாற்றிவிட்டேன்.

அக்கா தனி மடலில் ஒன்று கேட்டிருந்தார்: பழுதானால் இதை என்ன வினையோடு சொல்வீர்கள் என்று. வில் முறியும், இணைப்பி கழலும், நாடா அறும். நல்ல கேள்வி. என் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அன்றைக்குச் சொன்னது, "கிளாக் ஸ்பிரிங் அறுந்துருச்சுங்க" என்றுதான். வாயில் ஸ்பிரிங் என்று வந்தாலும் அவருக்குத் தெரிந்தது நாடா. நேற்று அவரிடம் போய்ச் சுருள்நாடா என்று சொல்லிப் பார்த்தேன். "உள்ள இருக்கறது அதானுங்களே" என்றார்.

கையேட்டின் அந்தப் பத்தியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயம் என்பதால், இதைப் படிக்கும் பலரின் ஸ்டியரிங்கிலும் இந்த உறுப்பு இருக்கும். தவறு கண்டால் திருத்துங்கள்.

"முன்சக்கரங்களை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள மின்தேக்கியில், பேட்டரி கழன்ற பிறகும் சிறிது நேரம் மின்னூட்டம் இருக்கும். மோதலில் பேட்டரி துண்டானாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக வைத்தது அது. உங்கள் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் முழுதும் காத்திருங்கள், அது குறைவாக இருந்தாலும் 10 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். காற்றுப்பையைக் கழற்றினால் அலங்கார முகம் மேலே பார்க்கும்படி தனியாக வையுங்கள், கவிழ்த்து வைக்காதீர்கள். அதன் மஞ்சள் இணைப்பியில் மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்காதீர்கள். தடை அளக்கும்போது மீட்டர் தானே மின்சாரம் செலுத்தும்.

பல கார்களில் காற்றுப்பையை எடுத்ததுமே பொத்தான்களின் ஸ்க்ரூ தெரியும், சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. பின்னொளி மின்குமிழ் அரிசி பருமன்தான் இருக்கும். அதன் பிளாஸ்டிக் கழுத்தைக் கால் சுற்று திருப்பினால் வெளியே வரும். இழை மின்குமிழுக்குப் பதில் எல்இடி போட்டு, அது எரியாவிட்டால் பழுது என்று எறியாதீர்கள், திருப்பிப் போட்டுப் பாருங்கள். எல்இடிக்கு நேர், எதிர் உண்டு. மின்குமிழ் இல்லாமல் பலகையிலேயே எல்இடி பற்றவைத்திருந்தால், சால்டரிங் பழகியவர் மட்டும் கைவையுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றும் முன் தண்டிலும் சக்கரத்திலும் ஒரே நேரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய உடனே சுருள்நாடாவின் இரு பாதிகளையும் சேர்த்து டேப் ஒட்டிவிடுங்கள். மறந்து சுழன்றுவிட்டால், ஒரு பக்கமாக மெதுவாகத் திருப்பி, இறுகியதும் நிறுத்துங்கள், அதற்குமேல் அழுத்தாதீர்கள். அங்கிருந்து மறுபக்கம் பல கார்களில் சுமார் இரண்டரைச் சுற்று வந்தால் நடு கிடைக்கும். எந்தப் பக்கம் தொடங்குவது, எத்தனை சுற்று என்பது காருக்குக் கார் மாறும், அதன் மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். இரு பாதிகளின் அம்புக்குறிகளும் நேராக நின்ற பிறகுதான் சக்கரத்தை மாட்ட வேண்டும்."

இதில் 'இறுகியதும்' என்பதா, 'முட்டியதும்' என்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் காதுக்கு எது சரியாகப் படுகிறது?

கோவையிலிருந்து

———

இறுகியதும். முட்டும் வரை திருப்பினால் நாடா அறுந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து