‘வெதரிங்’ என்பதற்குச் ‘சுவடேற்றல்’: குளுவாங்கிலிருந்து ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மாதிரி வண்டிகளைக் கட்டி முடித்த பிறகு அவற்றின்மீது மண்ணும் புழுதியும் கீறலும் தெரியும்படி செய்யும் வேலையை நாம் அனைவரும் ‘வெதரிங்’ என்றே சொல்லி வருகிறோம். இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று மாதிரி கட்டுவோராகிய நம்மிடையே தொடங்கிய உரையாடல், ‘பழமையூட்டல்’, ‘வானிலையாக்கம்’, ‘அழுக்கேற்றல்’ ஆகிய மூன்று முன்மொழிவுகளோடு நிற்கிறது. மூன்றையும் எங்கள் ஊரான மலேசியாவின் குளுவாங்கில் உள்ள நண்பர்களிடம் வாசித்துக் காட்டினேன். மண்சாலையிலும் தார்ச்சாலையிலும் கட்டம் கட்டமாக நடக்கும் ரேலிப் பந்தயத்தின் கார்களை மட்டுமே, அதுவும் பெரும்பாலும் 1/24 அளவில், கட்டுகிற சிறு கூட்டம் எங்களுடையது. ஆகையால் டாங்கியும் இரயிலும் கட்டுவோருக்குத் தோன்றாத சில தடைகள் எங்களுக்குத் தோன்றின. அவற்றை எடுத்துரைத்து, ‘சுவடேற்றல்’ என்னும் சொல்லை உங்கள் முன் வைக்கிறேன். (ரேலியைப் ‘பேரணி’ என்று எழுதிய அன்பருக்கு ஒரு வேண்டுகோள்: கொடி பிடித்துக்கொண்டு நடப்பவர்களுக்கே அச்சொல்லை விட்டுவிடுவோம்.)

முதலில் ‘பழமையூட்டல்’. புதிதாகச் செய்த மர அலமாரியைப் பாட்டன் காலத்து அலமாரிபோல் காட்டுவதற்கு இச்சொல் மிகவும் பொருந்தும். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற சரக்கு இரயில் பெட்டிக்கும் ஓரளவு பொருந்தும். ரேலி கார் பழையது அன்று. காலையில் அணியின் பராமரிப்புக் கூடாரத்திலிருந்து கழுவித் துடைத்துப் பளபளவென்று புறப்பட்ட கார், சில கட்டங்களை ஓடி முடித்து நண்பகலில் திரும்பும்போது கதவின் நிறமே தெரியாத அளவுக்குச் சேறு அப்பியிருக்கும். அந்தச் சேற்றின் வயது சில மணி நேரம். அதற்கு அடியில் இருக்கும் வண்ணப்பூச்சு புத்தம் புதியது. இந்த வேறுபாடு புரியாமல் டாங்கிக்குச் சொல்லப்பட்ட பாடங்களை அப்படியே பின்பற்றி, 1995இல் காலின் மெக்ரே உலகப் பட்டம் வென்ற நீல நிறச் சுபாரு இம்பிரெசாவின் சக்கர வளைவுகளில் துரு தீட்டிவைத்தவர்கள் உண்டு. துருப்பிடிக்கும் வரைக்கும் எந்த அணி ஒரு காரை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்? பிரேக் தட்டில் ஈரத்தால் ஒரே இரவில் படரும் மெல்லிய துருவை மட்டும் விலக்காகக் கொள்ளலாம். சொல்லிலேயே ‘பழமை’ இருந்தால் புதிதாக இக்கலைக்கு வருபவரின் தூரிகை தானாகவே துரு நிறத்தைத் தேடிப் போகும் என்பதுதான் என் அச்சம்.

‘வானிலையாக்கம்’ குறித்து அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லின் முற்பாதியைப் பிடித்துக்கொண்டு பிறந்த சொல் அது. புவியியல் பாடநூல்களில் ‘வானிலைச் சிதைவு’ என்று ஏற்கெனவே ஒரு சொல் பாறைகளுக்காக வழங்கி வருவதால், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் பாறை நெடுங்காலம் சிதைந்து, கரையக்கூடியவை கரைந்தோடிய பின், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிப்போவதால் உண்டாவதே நம் தோட்டங்களில் கிடக்கும் செம்மண். ஆக, நாம் காரின்மேல் பூசுகிற பொருள்தான் வானிலைச் சிதைவின் விளைவே தவிர, கார் அன்று.

‘அழுக்கேற்றல்’ என்பதை முன்மொழிந்த அம்மையார் இலக்கை மிகவும் நெருங்கிவிட்டார். ‘ஏற்றல்’ என்னும் பிற்பாதியை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆயினும் ‘அழுக்கு’ என்ற சொல்லில் ஒரு குறைகூறும் தொனி இருக்கிறது. அழுக்கு என்றாலே அது கவனக்குறைவால் சேர்ந்தது, கழுவப்பட வேண்டியது என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமான தடை ஒன்றுண்டு. முன்சக்கரம் வாரியிறைக்கும் சரளைக்கல் பட்டுக் கதவின் கீழ்விளிம்பில் வண்ணம் பெயர்ந்து சிறு சிறு புள்ளிகளாகத் தெரிவதும், புகைப்போக்கியைச் சுற்றிக் கரி படிவதும், கதவுப் பிடிக்கு அருகில் சேற்றின்மேல் விரல்கள் இழுத்த கோடுகள் கிடப்பதும் நம் வேலையில் அடங்கும். வண்ணம் பெயர்ந்த இடத்தை அழுக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை நெடுங்காலம் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் மாதிரி எதையும் கட்டுவதில்லை, பார்ப்பதோடு சரி. இளைஞர் ஒருவர், காரின் கதவு முழுவதும் ஒரே சீராகச் சேற்று நிறத்தைத் தெளித்துக் கொண்டுவந்து காட்டியபோது பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செம்மண் ஏறினா இப்படியா தம்பி ஏறும்? இது யாரோ வாளியில அள்ளி ஊத்தின மாதிரி இருக்கு” என்றார். பிறகு அவரே விளக்கினார். சக்கரம் மண்ணைத் தன் சுற்றுக்கு நேர்கோட்டில் விசிறியடிக்கும். முன்சக்கரத்தின் மண் கதவின் அடிப்பகுதியிலிருந்து பின்னோக்கிச் சாய்வாக ஏறும். பின்சக்கரத்துக்கு முன்னால் அது மிகத் தடிப்பாகத் தேங்கும். மேலே போகப் போகப் புள்ளிகள் சிறுத்துக் கூரையருகே ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும். காரின் பின்புறத்திலோ கதை வேறு. ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்புவதால், புழுதி பின்கண்ணாடியிலும் பெட்டிமூடியிலும் மாவு சலித்ததுபோல் ஒரே சீராகப் படியும். மண் சடக்கில் (சாலையில்) லோரி ஓட்டியவர் சொன்ன இந்த இலக்கணம், ரேலிப் புகைப்படங்களை வைத்துப் பார்த்தபோது வரிக்கு வரி சரியாக இருந்தது.

அவர் பேச்சில் நான் பிடித்துக்கொண்டது ‘ஏறும்’ என்ற வினையைத்தான். வேட்டியில் கறை ஏறுகிறது, சட்டையில் செம்மண் ஏறுகிறது, பாத்திரத்தில் களிம்பு ஏறுகிறது. ஒரு பொருளின் மேற்பரப்பு, தான் புழங்கிய இடத்தின் அடையாளத்தை வாங்கிக்கொள்வதற்குத் தமிழில் இயல்பாக வரும் வினை இதுவே. தானாக நடந்தால் ஏறுதல். நாம் செய்தால் ஏற்றுதல். எது ஏறுகிறது என்பதற்கு மண், கல், புகை, விரல் ஆகிய அனைத்தையும் தழுவும் பொதுப்பெயராகச் ‘சுவடு’ கிடைக்கிறது. வண்ணம் பெயர்ந்த புள்ளியும் கல் பட்ட சுவடுதானே. ‘மெருகேற்றல்’ என்ற பழகிய சொல்லுக்கு எதிர்ப்புறத்தில் ‘சுவடேற்றல்’ தானாகவே போய் அமர்ந்துகொள்கிறது: முதல் வேலை பளபளப்பைக் கொண்டுவருவது, அடுத்த வேலை அதை மறைப்பது.

ஒரு கலைச்சொல் பட்டறை மேசையில் உழைக்க வேண்டுமானால், அது பெயராக மட்டுமன்றி வினையாகவும் எச்சமாகவும் வளைய வேண்டும். “நேற்று இரவு சுவடேற்றி முடித்தேன்”, “சுவடேறிய கார்”, “சுவடேற்றாமல் வைத்திருக்கிறேன்” என்று எங்கும் இது தடுக்காமல் வருகிறது. ‘வானிலையாக்கினேன்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மேலும் இச்சொல் கிளைக்கவும் செய்கிறது: மண்சுவடு, புழுதிச்சுவடு, கல்லடிச்சுவடு, புகைச்சுவடு. கழுவினால் போகக்கூடியதை ‘மேற்சுவடு’ என்றும், கழுவினாலும் போகாததைப் ‘பதிசுவடு’ என்றும் பிரித்துக்கொண்டால் வேலையின் வரிசையும் சொல்லிலேயே விளங்கிவிடும். பதிசுவட்டை முதலில் செய்துவிட்டுத்தான் மேற்சுவட்டைத் தொட வேண்டும். கல்லடிப் புள்ளிக்குள் புழுதி புகுந்திருக்கும், புழுதிக்குமேல் கல்லடி மிதக்காது. ஒடிந்த முட்டுத்தாங்கி, நசுங்கிய கதவு ஆகியவற்றை இதில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை வெட்டியும் வளைத்தும் செய்யும் வேலை. ‘அடிபாடு’ என்று தனியே இருக்கட்டும்.

சுவடு என்று சொல்லும்போது இடமும் கூடவே வந்துவிடுவது இச்சொல்லின் இன்னொரு நன்மை. எந்த ரேலியின் சுவடு என்ற கேள்வி உடனே எழுகிறது. பிரிட்டனின் காடுகளில் நவம்பர் மாதத்துச் சேறு கறுத்து ஈரமாக இருக்கும். கிரேக்கத்தின் அக்ரோபோலிஸ் ரேலியில் வெளிறிய புழுதியும் கல்லடியும் மிகும். ஆசிய பசிபிக் தொடரின் ஒரு சுற்றாக நம் ஜொகூரின் தோட்டங்களில் நடந்த மலேசிய ரேலியின் கார்களில் செம்மண்தான் ஏறும். தார்ச்சாலைக் கட்டங்களுக்கான 18 அங்குலச் சக்கரம் மாதிரியில் ஏறத்தாழ 19 மி.மீ. வரும், மண்சாலைக்கான 15 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 16 மி.மீ. தான். பெரிய சக்கரத்தை மாட்டி வண்டியைத் தாழ்த்திவிட்டு அதன்மேல் செம்மண்ணை அப்புகிறவர், அந்தக் கார் எங்கே ஓடியது என்பதைத் தீர்மானிக்காமலேயே தூரிகையை எடுத்தவர்.

எங்கள் மேசையில் இப்போது இருப்பது, டமியா நிறுவனத்தின் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 6 மாதிரிப் பெட்டியை மாற்றிச் செய்யும் புரோட்டோன் பெர்ட் என்னும் மலேசிய ரேலி கார். 2002இல் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்ற கார் அது. லான்சரை அடிப்படையாகக் கொண்டது என்பதால் உடற்கூட்டைப் புதிதாகச் செதுக்க வேண்டிய தொல்லை இல்லை. சின்னங்களையும் பெயர்களையும் நாமே அச்சிட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது. அவற்றின்மேல் நிறமற்ற லேக்கர் பூச்சு தெளித்து நன்றாகக் காயவிட்டால்தான் சுவடேற்றலைத் தொடங்கலாம். பிறகு பூசும் எனாமல் வண்ணக் கலவையை அதற்குரிய கரைப்பானால் துடைத்தெடுக்கும்போது, காய்ந்த லேக்கர் அடியில் இருப்பதைக் காத்துக்கொள்ளும். மழை நாளில் மட்டும் லேக்கரைத் தெளிக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது வெண்மூட்டமாகப் பனித்துவிடும்.

மண்ணைத் தோட்டத்திலிருந்தே எடுக்கிறோம், ஆனால் அள்ளியபடியே பூசுவதில்லை. 2 மி.மீ. மணல் பரல் ஒன்று 1/24 அளவில் 48 மி.மீ. கல்லாகிவிடும், அப்படி ஒன்று கதவில் ஒட்டிக்கொண்டு ஓடும் காரை நான் பார்த்ததில்லை. மண்ணை நீரில் கலக்கி, பரல் அடியில் இறங்கியதும் மேலே நிற்கும் செங்கலங்கலை வேறு பாத்திரத்தில் இறுத்து, அது தெளிந்தபின் அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்து வாணலியில் வறுத்தெடுக்கிறோம். விரலில் தேய்த்தால் முகப்பவுடர்போல் நெருடாமல் இருக்க வேண்டும். நீர்த்த வெள்ளைப் பசையில் இதைக் குழைத்து, சக்கர வளைவின் உட்புறத்தில் தடிப்பாகவும் கதவில் பழைய பல்துலக்கி மயிரால் சுண்டியும் ஏற்றுகிறோம். உண்மைக் காரில் ஒரு சென்டிமீட்டர் தடித்த சேறு இங்கே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதை மறந்து அப்பியதால்தான் பல மாதிரிகள் களிமண் பொம்மைகளாகத் தோன்றுகின்றன.

முன்மொழிவை முன்கூட்டியே சில நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு மறுப்புகள் வந்தன. “சுவடு என்பது கால் நிலத்தில் பதிப்பது, இங்கே நிலமல்லவா காரில் பதிக்கிறது?” என்று ஈப்போ நண்பர் கேட்கிறார். கேள்வி கூர்மையானது. ஆயினும் ‘அதன் சுவடே தெரியவில்லை’, ‘போரின் சுவடுகள்’ என்று வழங்கும்போது, எது எதில் பதித்தது என்று நாம் பார்ப்பதில்லை. நடந்ததன் எஞ்சிய அடையாளம் என்றே கொள்கிறோம். சடக்கு காரில் விட்டுச்சென்றதும் அத்தகையதே. அடுத்த மறுப்பு மதுரையிலிருந்து: ‘சுவடேற்றம்’ என்று கேட்டவுடன் ஓலைச்சுவடிகளைக் கணினியில் பதிவேற்றுவது என்று தாம் எடுத்துக்கொண்டதாக அங்குள்ள பேராசிரியர் எழுதியிருக்கிறார். அது ‘சுவடியேற்றம்’ என்றாகும், ஐயா. இருந்தாலும் குழப்பம் வரக்கூடும் என்பதால், ‘ஏற்றம்’ என்னும் வடிவத்தை விலக்கி ‘ஏற்றல்’ என்பதையே நிலைப்படுத்துவோம்.

இதே உரையாடலில் முன்வைக்கப்பட்ட மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படமான டிகேலுக்கு ‘நீரொட்டி’, காருக்குள் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச் சட்டமான ரோல்கேஜுக்குக் ‘காப்புக்கூண்டு’, உதிரிகளைத் தாங்கிவரும் சட்டத்துக்கு ‘வார்ப்புச்சட்டம்’ ஆகிய மூன்றிலும் எங்களுக்கு உடன்பாடு உண்டு. சக்கரத்தின் பின்னால் சேற்றைத் தடுக்கத் தொங்கும் மட்ஃபிளாப்புக்குச் ‘சேற்றுமடல்’ என்பதில் இங்குள்ளவர்களுக்கு ஒரு சிரிப்பு. ஆனால் சொல்லில் குறையில்லை.

தீராமல் நிற்பது ஒன்றே. சேறு படிந்த முன்கண்ணாடியில் துடைப்பான் வழித்துவிட்ட தெளிந்த வளைவிடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். மறைப்புத்தாளை வெட்டி ஒட்டும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. ‘துடைவளைவு’ என்று நான் எழுதிவந்தேன், எங்கள் இளைஞர்களோ அதன் வடிவத்தைப் பார்த்து ‘விசிறி’ என்கிறார்கள். என் வாக்கு இப்போது விசிறிக்கே. வேறு சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
குளுவாங் நண்பர்கள் சார்பில்