கடைப் பெயர் போட்ட காலண்டர், பை: வியாபாரம் கூடுமா, வீண் செலவா?

ஹார்டுவேர்_கடை:
சின்ன ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பெயின்ட், பைப், ஒயர் எல்லாம் உண்டு. ஆடிப்பெருக்குக்கு சிவகாசியில் புது ஆல்பம் (மாதிரிக் காலண்டர் புத்தகம்) போட்டதும் காலண்டர் ஏஜென்ட் வந்துவிடுவார். கடைப் பெயர் போட்டுக் கொடுக்க 20,000 ரூபாய் ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். காலண்டரா, பையா?

திருச்சிக்காரன்:
இரண்டும் வேண்டாம் அண்ணே. நகைக்கடை, மருந்துக்கடை, சீட்டுக் கம்பெனி என்று பொங்கலுக்குள் வீட்டுக்கு ஏழெட்டு காலண்டர் சேர்ந்துவிடுகிறது, ஒன்று சுவருக்கு, மீதி பரணுக்கு. இப்போது பைப் உடைந்தால் போனில்தான் தேடுகிறார்கள். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கக் காசே கிடையாது, நேரமும் நம்பரும் சரியாகப் போட்டால் போதும். அந்த 20,000க்குச் சரக்கு வாங்கிப் போடுங்கள். கேட்ட சாமான் இருந்தால் ஆள் தானாக வருவார்.

மதுரை_மளிகை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராகு காலம், முகூர்த்த நாள், அமாவாசை பார்க்க இன்றைக்கும் தினசரிக் காலண்டர் தாளைத்தான் பார்க்கிறார்கள், பால் கணக்கையும் அதிலேயே குறிக்கிறார்கள். மார்கழி பிறந்ததும் "காலண்டர் வந்துடுச்சா"ன்னு கேட்டுக்கொண்டே கடைக்கு வருகிறார்கள், வந்தவர் நாலு சாமானாவது வாங்காமல் போவதில்லை. கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் குடும்பங்கள்கூட உண்டு. போன் விளம்பரத்துக்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா?

திருச்சிக்காரன்:
மளிகைக்கு மாதாமாதம் ஆள் வருவார், உங்களுக்குச் சரி. வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடைக்கு எப்போது வருவார்? வீடு கட்டும்போதும் ஏதாவது ரிப்பேர் ஆனாலும்தான். இன்னொன்று, இலவசமாகக் கொடுத்துவிடும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது, ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவில் இருக்கிறது. ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் ஆடிட்டரைக் கேளுங்கள்.

பிளம்பர்_தம்பி:
நான் பிளம்பிங் வேலை செய்கிறேன். என்ன சாமான் வேண்டும் என்று லிஸ்ட் எழுதுவது நான், எந்தக் கடையில் வாங்கலாம் என்று வீட்டுக்காரர் கேட்பதும் என்னிடம்தான். சிமென்ட் கம்பெனி கொத்தனாருக்கு டி-ஷர்ட் கொடுக்கிறது, பெயின்ட் கம்பெனி பெயின்டருக்குத் தொப்பி கொடுக்கிறது, சும்மாவா கொடுக்கிறார்கள்? ஆனால் அண்ணே, மட்டமானதைக் கொடுக்காதீர்கள். ஒரு கடையில் கொடுத்த அளவு டேப் ஒரே வாரத்தில் ஸ்பிரிங் போய் உள்ளே இழுக்கவே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கடை பைப்பும் இப்படித்தான் இருக்கும் என்றுதான் தோன்றியது. நூறு பேருக்கு மட்டமானதைக் கொடுப்பதைவிட, உங்களிடம் வாங்கும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் முப்பது பேருக்கு நல்ல டேப்பாக, நல்ல டெஸ்டராகக் கொடுங்கள்.

மதுரை_மளிகை:
தம்பி சொல்வது நியாயம்தான். ஆனால் டேப் அவருடைய பையில் கிடக்கும், காலண்டர் நடுவீட்டில் தொங்கும். வீட்டம்மாவுக்குக் கடைப் பெயர் தெரிந்திருந்தால்தான் பிளம்பர் சொன்னதும் "ஆமா, அங்கேயே வாங்கலாம்" என்பார்.

திருச்சிக்காரன்:
தம்பி சொல்வதை நானும் ஏற்கிறேன், அது விளம்பரமே இல்லை, உறவு. காலண்டர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

ஹார்டுவேர்_கடை:
பையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கரூர்_தறி:
பை என்றால் துணிப்பை அடியுங்கள். பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து இங்கே தடை. நான்வோவன் பை துணி மாதிரித் தெரிந்தாலும் அதுவும் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்தான். நல்ல கனமான காடாத் துணியில் அடித்தால் காய்கறி வாங்க வருஷக்கணக்கில் தூக்கிப் போவார்கள், உங்கள் கடைப் பெயர் சந்தை முழுக்கச் சுற்றும். ஆனால் பெயரைப் போட்டுவிட்டு அந்தப் பைக்கே காசு கேட்காதீர்கள். கம்பெனிப் பெயர் போட்ட காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்காக 2019இல் சண்டிகர் நுகர்வோர் மன்றம் ஒரு செருப்புக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

திருச்சிக்காரன்:
ஹார்டுவேர் கடையில் துணிப்பையில் என்ன போடுவார்கள்? ஆணியும் சிமென்டும் போட்டால் அன்றைக்கே கிழியும். எதைக் கொடுத்தாலும் தை மாதத்திலிருந்து புதிதாக வருகிறவரிடம் "யார் சொல்லி வந்தீங்க"ன்னு கேட்டு பில்லின் பின்னால் குறித்து வையுங்கள் அண்ணே. அடுத்த ஆடிக்கு ஏஜென்ட் வரும்போது கையில் கணக்கு இருக்கட்டும், அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.