தொலைந்த மோதிரங்களை மெட்டல் டிடெக்டர் கொண்டு எங்கே தேடுவது?

கிழக்குலண்டன்வாசி எழுதியது:

வணக்கம். சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் குடும்பத்தோடு இங்கிலாந்தின் தெற்குக் கடலோரத்திலுள்ள போர்ன்மத் கடற்கரைக்குப் போயிருந்தபோது என் மனைவி தம் திருமண மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். மகனுக்கு சன் கிரீம் பூசுவதற்காகக் கழற்றித் துண்டின் மடிப்பில் வைத்தவர், மாலையில் அந்தத் துண்டை உதறி மடித்தபோது மோதிரத்தை மறந்துபோனார். அறைக்குத் திரும்பிய பிறகுதான் விரலைப் பார்த்தார். மறுநாள் விடியற்காலையில் நாங்கள் இருவரும் மணலைக் கையால் அளைந்துகொண்டிருந்ததைக் கண்ட முதிய ஆங்கிலேயர் ஒருவர் தம் மெட்டல் டிடெக்டரோடு வந்தார். முந்தைய நாள் நாங்கள் அமர்ந்திருந்த இடத்தைக் கேட்டறிந்து, அதைச் சுற்றி நூல் பிடித்ததுபோல் வரிவரியாக நடந்து, இருபதே நிமிடங்களில் அரைச் சாண் ஆழத்திலிருந்து மோதிரத்தை எடுத்துக் கொடுத்தார். பணம் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார். ஒரு கோப்பைத் தேநீர் மட்டும் போதும் என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அவர் எங்களுக்குச் செய்ததை நானும் யாருக்கேனும் செய்ய வேண்டும் என்னும் எண்ணத்தில், இந்த வசந்த காலத்தில் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்னும் மெட்டல் டிடெக்டர் கருவி ஒன்றை இரண்டாங்கையாக வாங்கினேன். நான்கு வார இறுதிகளில் போர்ன்மத் கடற்கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி, கடலுக்கு இணையாக நேர்கோட்டில் நடந்து தேடினேன். பான டப்பாக்களின் திறப்பு வளையங்கள் அளவுக்கு மீறிக் கிடைத்ததால், இரண்டாவது வாரத்திலிருந்து கருவியின் திரை அவற்றுக்குக் காட்டும் எண்கள் வந்தால் ஒலிக்காதபடி கருவியை அமைத்துவிட்டேன். இதுவரை கிடைத்தவை சில்லறைக் காசுகள், பாட்டில் மூடிகள், கூடார முளைகள் ஆகியவை மட்டுமே. ஒரு மோதிரம்கூடக் கிடைக்கவில்லை.

மோதிரங்கள் மிகுதியாகத் தொலையும் இடங்கள் எவை, கடற்கரையில் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அடுத்த வாரம் போர்ன்மத்துக்கு அருகிலுள்ள ஸ்டட்லண்ட் விரிகுடாவுக்குப் போகலாம் என்றும் நினைத்திருக்கிறேன்.

தென்கரை எழுதியது:

நண்பரே, பதினொரு ஆண்டுகளாக டோர்செட், சசெக்ஸ் கடற்கரைகளில் தேடிவருகிறேன். இடத்தைப் பற்றிச் சொல்லும் முன் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திறப்பு வளையத்தின் எண்களை ஒலிக்காமல் செய்தபோதே, நீங்கள் தேடும் மோதிரங்களில் பெரும்பாலானவற்றையும் ஒலிக்காமல் செய்துவிட்டீர்கள். பொன் எது, அலுமினியம் எது என்று கருவிக்குத் தெரியாது. அதன் சுருளிலிருந்து எழும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தை அளந்துதான் கருவி எண்ணைக் காட்டுகிறது. பொருளின் பருமன், வடிவம், மின்கடத்துதிறன் ஆகிய மூன்றும் கலந்த எண் அது. மெல்லிய 9 காரட் மோதிரம் அலுமினியத் தாளின் எண்களிலும், நடுத்தரமான 18 காரட் மோதிரம் திறப்பு வளையத்தின் எண்களிலும் வந்து விழுவது வழக்கம். பிளாட்டினம் பொன்னைப் போல மின்சாரத்தை எளிதாகக் கடத்தாது என்பதால் அதன் எண்ணும் தாழ்ந்தே வரும். ஆகவே இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லா ஒலிகளையும் தோண்டுங்கள். நூறு வளையங்களைத் தோண்டும் பொறுமை இல்லாதவருக்கு மோதிரம் அகப்படாது என்பதை நான் முதல் இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன்.

இனி இடம். கடற்கரையின் முழு நீளத்தையும் நடந்து கடப்பதை விட்டுவிட்டு, மோதிரம் விரலை விட்டு ஏன் கழல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, உங்கள் மனைவியைப் போல மனிதரே கழற்றி வைக்கிறார்கள். மற்றது, குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி, களிம்பின் வழுக்கலும் சேர்ந்து தானாக நழுவுகிறது. முதல் வகை மோதிரங்கள் உலர்ந்த மணலில் கிடக்கும். ஏற்றநீர் எட்டும் கோட்டுக்கும் நடைபாதைக்கும் இடையில், மக்கள் துண்டு விரித்துப் படுக்கும் பட்டைதான் அந்த இடம். அதிலும் நடைபாதையிலிருந்து மணலுக்கு இறங்கும் படிகளின் இருபுறமும் முப்பது, நாற்பது அடி தூரம் வரை செறிவு மிகுதி. குழந்தைகளோடும் பைகளோடும் வருபவர்கள் அதற்கு மேல் நடப்பதில்லை. காற்றுக்கு மறைவாக அமர விரும்புவோர் மரத்தாலான அலைத்தடுப்புகளின் ஓரத்தை நாடுவார்கள். கைப்பந்தும் ஃபிரிஸ்பீயும் ஆடும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். பந்தை அறையும் வேகத்தில் கழன்ற மோதிரம் சில அடி தள்ளிப் போய் விழும் என்பதால் ஆடுகளத்தைவிட அதன் விளிம்புகளே எனக்குக் கொடுத்தவை அதிகம். உலர்ந்த மணலில் அலை புகுவதில்லை. மோதிரம் ஒரு சாணுக்குள்ளேயே பெரும்பாலும் இருக்கும்.

இரண்டாம் வகை, நீரில் நழுவியவை. மக்கள் இடுப்பளவு நீரில் நின்று குளித்த பகுதி, கடல் வற்றியபின் கரையின் தாழ்ந்த சரிவாக வெளிப்படுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் வழக்கத்தைவிட விலகிப் போகும். போர்ன்மத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மீட்டரைக்கூட எட்டாது என்பதால், அங்கே அந்நாள்களைக் காத்திருந்து பயன்படுத்த வேண்டும். 22 காரட் பொன் நீரைப்போல ஏறத்தாழ 17 மடங்குக்கும் மேல் அடர்த்தியுடையது, மணல்மணியோ 2.65 மடங்குதான். அலை மணலைக் கலக்கும்போதெல்லாம் மோதிரம் கீழே கீழே இறங்கி, கூழாங்கல் படுகையையோ களிமண்ணையோ தொட்டபின்தான் நிற்கிறது. சாதாரண நாளில் அந்த ஆழம் கருவிக்கு எட்டாது. கரையை நோக்கி வீசும் புயல் மேல்மணலை அரித்துச் சென்ற மறுநாள் காலையில், மணல் சுவர்போல வெட்டுண்டு, கீழே கற்கள் தெரியும் இடம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நாணயங்களும் ஈயக் குண்டுகளும் ஒரே இடத்தில் கிடைக்கத் தொடங்கினால் அங்கேயே நின்று, சுருளை மெதுவாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வீசித் தேடுங்கள். கனமான பொருள்களைக் கடல் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் இடம் அது. ஆனால் போர்ன்மத்தில் கடலரிப்பை ஈடுசெய்ய வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டும் வழக்கம் இருப்பதால், பழைய பொருள்கள் புதுமணலுக்கு அடியில் ஆழப் புதைந்திருக்கும். அங்கே உங்களுக்கு நம்பிக்கை தரக்கூடியது, அந்தக் கோடையில் தொலைந்தவையே.

ஈரமான உப்பு மணல் தானே மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அதிர்வெண் கருவிகள் பொய்யொலி எழுப்பும். உங்கள் கருவி பல அதிர்வெண்களில் இயங்குவது; ஈரமணலில் ‘பீச் 1’ அமைப்பையும் அலைக்குள் ‘பீச் 2’ அமைப்பையும் பயன்படுத்துங்கள்.

கடற்கரைக்கு அப்பால் நான் நம்பித் தேடுவது பனிக்காலத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் மேடுகளின் அடிவாரத்தை. குளிரில் சுருங்கிய விரலிலிருந்து கையுறையை இழுக்கும்போது மோதிரமும் கூடவே வந்துவிடுகிறது.

அனுமதிமுதலில் எழுதியது:

ஸ்டட்லண்டுக்குப் புறப்படும் முன் இதைப் படியுங்கள். அந்தக் கடற்கரை, பாரம்பரிய இடங்களையும் இயற்கைப் பகுதிகளையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தமானது. அந்த அமைப்பு தன் நிலங்களில் பொதுவாக மெட்டல் டிடெக்டரை அனுமதிப்பதில்லை. மேலும் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிப் படையிறக்கத்துக்கு ஒத்திகை நடந்த கரை அது. தென்கரையில் எங்கேயும் துருப்பிடித்த உருளையோ கூம்போ தென்பட்டால் தொடாமல் விலகி, 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவலரைக் கேளுங்கள்.

இந்நாட்டில் உரிமையாளர் இல்லாத நிலம் என்று எதுவும் இல்லை. ஏற்றக் கோட்டுக்கும் வற்றக் கோட்டுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறத்தாழப் பாதி அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் அமைப்பின் பொறுப்பில் உள்ளது. மேலேயுள்ள உலர்மணல் பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களுடையது. நீங்கள் படிகளருகே தேடப் போவது அந்த உலர்மணலில்தான் என்பதால் மன்றத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இறங்குவதாக இருந்தால், போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியின் உரிமம் இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தேடும் நோக்கில் புரட்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கண்டெடுத்ததை வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி, நியாயமான முயற்சியால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்தும் பொருளைத் தனதாக்கிக்கொள்வது திருட்டாகலாம். பெயரும் தேதியும் பொறித்த மோதிரத்துக்கு இது முழுமையாகப் பொருந்தும். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், எடையில் பத்தில் ஒரு பங்கேனும் பொன்னோ வெள்ளியோ உடையதுமான மோதிரம் கிடைத்தால், 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 14 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும்; கண்டெடுத்த பழம்பொருள்களைப் பதிவுசெய்யும், உங்கள் மாவட்டத்தின் ‘ஃபைண்ட்ஸ் லியேசன்’ அலுவலர் வழியாக அதைச் செய்யலாம்.

கிழக்குலண்டன்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. கருவியின் அமைப்பை இன்றே மாற்றிவிட்டேன். ஸ்டட்லண்ட் எண்ணத்தையும் கைவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். பெயர் எதுவும் பொறிக்கப்படாத மோதிரம் கிடைத்தால் அதன் உரிமையாளரை எப்படித் தேடுவது? அடுத்து, சசெக்ஸிலுள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் கடல் வெகுதூரம் வற்றுகிறது என்பதால், அங்கே அதிகாலையில் தனியாகப் போய்த் தாழ்ந்த மணலில் தேடலாமா?

பட்டறைமகள் எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், அண்ணா. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நகை வேலை செய்கிறோம். பெயர் இல்லாத மோதிரமும் தன் உள்வளையத்தில் ஏதாவது சொல்லும். நல்ல நீரில் அலசி, மென்மையான பல் தூரிகையால் மணலை அகற்றி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், சிக்கிய மணல் முத்திரையைக் கீறிவிடும்.

பிரிட்டனில் 1 கிராமுக்கு மேற்பட்ட பொன் நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். 375 என்றிருந்தால் 9 காரட், 750 என்றிருந்தால் 18 காரட், 916 என்றிருந்தால் 22 காரட். தரத்தைச் சோதித்து முத்திரையிட்ட அலுவலகம் எந்த ஊரில் உள்ளது என்பதை ஒரு சின்னம் காட்டும்: நங்கூரம் பர்மிங்காமையும், சிறுத்தைத் தலை லண்டனையும், ரோஜா ஷெஃபீல்டையும், கோட்டை எடின்பரோவையும் குறிக்கும். ஆண்டைக் காட்டும் எழுத்தும் பல மோதிரங்களில் இருக்கும். செய்தவரின் முதலெழுத்துகள் பொறித்த முத்திரையைக் கொண்டு அந்த அலுவலகத்தில் விசாரித்தால், எந்த நிறுவனம் அனுப்பிய நகை என்பதை அறிய வழியுண்டு.

நம்மவர் மிகுதியாக வரும் கடற்கரைகளில் ஊரிலிருந்து கொண்டுவந்த 22 காரட் மோதிரங்களும் கிடைக்கும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளை ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியோடுதான் விற்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் ஹால்மார்க் செய்வித்த கடையின் பதிவு விவரமும், நகை மோதிரமா வளையலா என்பதும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் கண்டெடுத்த மோதிரத்தை நான் இவ்வழியில்தான் பார்த்தேன். கடை மதுரையில் இருந்தது. வாங்கியவரின் தொலைபேசி எண்ணைக் கேட்காமல், அவருக்கு எங்கள் எண்ணைத் தெரிவிக்குமாறு மட்டும் கடைக்காரரிடம் வேண்டினேன். மூன்றாம் நாள் அந்தப் பெண் அழைத்தபோது அவரால் சிறிது நேரம் பேசவே முடியவில்லை. தந்தை கடைசியாக வாங்கிக் கொடுத்த நகையாம்.

இணையத்தில் அறிவிப்பு இடும்போது படத்தைப் போடாதீர்கள். எந்தக் கடற்கரை, எந்த வாரம் என்று மட்டும் எழுதி, கல்லின் நிறத்தையும் உள்முத்திரையையும் கேட்டு வருபவரே சொல்லட்டும்.

தென்கரை எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு என் பதில், தனியாக வேண்டாம் என்பதே. கேம்பர் சாண்ட்ஸில் ஏற்றநீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. மணல்திட்டுகளுக்குப் பின்னாலுள்ள பள்ளங்களை முதலில் நிரப்பிவிட்டு, திட்டின்மேல் நிற்பவரைக் கரையிலிருந்து துண்டித்துவிடும். 2016 ஆகஸ்டில் நம் தமிழ் இளைஞர்கள் ஐவர் அந்தக் கடலில்தான் உயிரிழந்தார்கள். குனிந்து, செவிப்பொறி மாட்டிக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நீர் சூழ்வது தெரியாது.

வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் கடலைப் பின்தொடர்ந்து இறங்குங்கள். கடல் திரும்பும் நேரத்துக்குக் கைப்பேசியில் மணி வைத்து, அது அடித்ததும் பாதியில் தோண்டிய குழியையும் மூடிவிட்டு மேலே வாருங்கள். ஒரு காதைத் திறந்தே வையுங்கள். மணல்மேடுகள் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி என்பதால் அவற்றில் தோண்டக் கூடாது. கிழக்கே நீண்ட தூரம் போனால் இராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சித் தளம் தொடங்கும். வரும் பௌர்ணமிக்கு மறுநாள் எனக்கு விடுமுறை. மன்றத்தின் அனுமதியை நீங்கள் கேட்டு வைத்தால் சேர்ந்தே போகலாம், தனிமடலில் எழுதுங்கள்.