காமன் கூத்துப் பந்தியை நீக்கியது நியாயமா?

தப்புக்காரன்: இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் காமன் கூத்துக் கட்டுரையைப் பார்த்தேன். இலங்கை மலையகத்துக்கு ஒரே ஒரு வரி. சரி என்று எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் நடப்பதை ஒரு பந்தியாகச் சேர்த்தேன். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவது, ரதி வேடத்தையும் ஆண் கட்டுவது, வேடக்காரர் விரதம் இருப்பது, விடிய விடியத் தப்புப் பறை அடித்துக் கடைசியில் மன்மதனை எரிப்பது எல்லாம் எழுதினேன். மத்தியானம் போட்டது சாயங்காலம் இல்லை. "சான்று இல்லை, சொந்த ஆய்வு" என்று காரணம். எங்கள் கோயில் திடலில் நடப்பதற்கு யாரிடம் போய்ச் சான்று வாங்குவது?

பண்டாரவளை வாசகன்: தம்பி, நீக்கியவருக்கு உங்களைத் தெரியாது. நாளைக்கு இன்னொருவர் வந்து "அங்கே பெண்தான் ரதி" என்று எழுதினால் யாரை நம்புவது? அச்சில் வந்ததைக் காட்டு என்று இருவரிடமும் கேட்பதுதான் முறை. ஏற்கெனவே பதிவானதைத் தொகுப்பதுதான் கலைக்களஞ்சியத்தின் வேலை.

கொழுந்துக்காரி மகள்: வில்லங்கமே அந்த "ஏற்கெனவே பதிவானது"தான். லூல்கந்துரா தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டதற்குப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் முள்ளுக்குத்தி மண் கிளறி வேலை செய்தவர்கள் பெயர் எதில் இருக்கிறது? துரை பங்களாவில் எழுத்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வாய்ப்பேச்சு. பேச்சு செல்லாது என்றால் மிஞ்சுவது துரைமார் வரலாறு மட்டும்தான்.

பண்டாரவளை வாசகன்: ஒரேயடியாக அப்படிச் சொல்லாதீர்கள். 1940இல் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனும் தொழிலாளிதான். அவரைப் பற்றி எழுதினால் சான்றில்லை என்று யாரும் தூக்க முடியாது. விசாரணைக் கமிஷனே போட்டார்கள், மந்திரிசபை வரை ஆட்டம் கண்டது.

கொழுந்துக்காரி மகள்: நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணே. தொழிலாளி பேர் ஏட்டில் ஏற அவன் சூடுபட்டுச் சாக வேண்டும். ரதி வேடம் கட்டியவன் எப்போது ஏறுவது?

ஹட்டன் பொடியன்: விக்கிப்பீடியா வட்டாரத்திலேயே இந்தப் பேச்சு வந்திருக்கிறது. 2011இல் வாய்மொழியைச் சான்றாக எடுக்கலாமா என்று மலையாளம், இந்தி, தென்னாபிரிக்காவின் செபெடி மொழிகளில் ஒரு திட்டம் நடத்திப் பார்த்தார்கள். விளையாட்டு, சடங்கு மாதிரி விஷயங்களை ஊரில் உள்ளவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அதையே மேற்கோளாக வைத்தார்கள். பொது விதியாக மாறவில்லை என்பது வேறு கதை. தப்புக்காரன் அண்ணே, 'நூலகம்' என்கிற இணைய மின்னூலகத்தில் மலையக இதழ்கள், விழா மலர்கள் நிறையக் கிடைக்கின்றன. தேடிப் பார்த்தீர்களா?

தப்புக்காரன்: தேடினேன் தம்பி. பொதுவாகக் கூத்து பற்றி இருக்கிறது. அதை வைத்துப் பாதிப் பந்தியைத் திரும்பப் போடலாம். எங்கள் டிவிசன் வழக்கம் எதிலும் இல்லை. நான் கேட்பது வேறு. "சான்று தேவை" என்று ஒரு குறி போட்டு விட்டிருக்கலாமே? அடியோடு பிடுங்கத்தான் வேண்டுமா?

பண்டாரவளை வாசகன்: பிடுங்கவில்லை. கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்பு அப்படியே இருக்கும், எப்போதும் மீட்கலாம். குறி போட்டு விட்டால் அது வருஷக்கணக்கில் கிடக்கும். யாராவது பார்த்துப் பத்திரிகையில் எழுதுவார், அப்புறம் அந்தப் பத்திரிகையையே இங்கே சான்றாகக் கொண்டுவருவார்கள். பொய்யும் அப்படித்தான் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கொழுந்துக்காரி மகள்: பொய்க்குப் பயந்து மெய்யையும் வெளியே நிறுத்துகிறீர்கள். சரி, வாரப் பத்திரிகைக்கு அவரே கட்டுரை எழுதி, அது அச்சானால் ஏற்பீர்களா? ஆள் அதே ஆள், சேதி அதே சேதி.

பண்டாரவளை வாசகன்: ஏற்பேன். நடுவில் ஓர் ஆசிரியர் படித்துப் பார்த்திருப்பார்.

கொழுந்துக்காரி மகள்: அந்த ஆசிரியர் கொழும்பில் இருப்பார். கம்பம் ஊன்றி அவர் எப்போது பார்த்தார்?

ஹட்டன் பொடியன்: சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணே, அடுத்த மாசிக்கு வீடியோ எடுங்கள். வேடக்காரரையும் தப்படிக்கும் பெரியவரையும் பேச வைத்து, நாள், இடம் சொல்லிப் பதியுங்கள். நீக்கியவர் ஏற்கிறாரோ இல்லையோ, கட்டுரை பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் இணைப்பைப் போட்டுக் கேட்கலாம்.

தப்புக்காரன்: பேச்சுப் பக்கத்தில் நேற்றே கேட்டுவிட்டேன். இன்னும் பதில் இல்லை.