உபுண்டு மேம்பாடு பாதியில் நின்றது, கறுப்புத் திரை மட்டும் வருகிறது

கேள்வி:
22.04-லிருந்து 24.04-க்கு மாறும்போது நடுவில் கரண்ட் போய்விட்டது. இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்குகிறது. ஃபைல்கள் போகாமல் மீட்க முடியுமா?

பதில் 1:
முடியும். அவசரப்பட்டு புதிதாக இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். முதலில் லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்கில் நகலெடுங்கள்.

பிறகு ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். பழைய பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு வரும்; அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் பழைய கெர்னலின் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ரெக்கவரி மோடு. நெட் கேபிள் செருகி, வரும் மெனுவில் 'நெட்வொர்க்', அடுத்து 'ரூட்' (கட்டளை தட்டும் திரை) தேர்ந்தெடுங்கள். டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருந்தால் எதுவும் எழுதாது. 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கொடுங்கள்.

இனிதான் முக்கியம்: 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பிரித்துப் போட்டு, அமைக்காமல் விட்ட பேக்கேஜ்களை இதுதான் முடித்துவைக்கும். அதன்பின் 'ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', 'ஏபிடி ஃபுல்-அப்கிரேடு'.

பதில் 2:
டிபிகேஜி ஒரே இடத்தில் பிழை காட்டி நின்றால் 'டிஎஃப் -ஹெச்' போட்டு டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். தனி பூட் பார்ட்டிஷன் 100% நிரம்பியிருந்தால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் கெர்னலுக்குத் தேவைப்படும் ஃபைல்) எழுத இடமே இருக்காது. வேண்டாத பழைய கெர்னல் ஒன்றை நீக்குங்கள். 'யூநேம் -ஆர்' காட்டும், இப்போது ஓடும் கெர்னலை மட்டும் தொடாதீர்கள். கடைசியாக 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்', 'அப்டேட்-கிரப்', ரீபூட்.